மேலக்கா குணமாக மறுத்த கதை

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரியவந்தால் உங்களுக்குக் கோபம் வரும்.

இயற்கைச் சத்து மாத்திரைகள் விற்கும் ஒரு கம்பெனிக்காக விளம்பரக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஒரே ஒரு பக்கம் வேண்டும் என்றார். தைராய்டு நோயுள்ள ஒரு பெண் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக் குணமாகி, தன் மகிழ்ச்சியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அந்தப் பெண் யார் என்று கேட்டேன். "அதைத்தான் சார் நீங்க எழுதணும்" என்றார். ஆக, வாயும் நான்தான், மகிழ்ச்சியும் நான்தான்.

ராத்திரி ஷிப்ட் பார்த்த வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன். பகல் வெளிச்சத்தில் செய்யக்கூடிய எந்த வேலையும் அப்போது எனக்கு நல்ல வேலையாகத் தெரிந்தது. ஒப்புக்கொண்டேன்.

முதல் வாக்கியம்:

நான் ஒரு இல்லத்தரசி. சில வருடங்களாகவே ஒரு இனம்புரியாத சோர்வு…

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அடித்தேன்.

நான் ஒரு ஆசிரியை. கரும்பலகை முன்னால் நிற்கும்போதே…

விளம்பரங்களில் ஆசிரியைகளுக்கு மட்டும்தான் நோய் வருகிறது. அடித்தேன்.

நான் டவர் கிரேன் ஓட்டுகிறேன்.

இதை ஏன் எழுதினேன் என்றால், ஜன்னலுக்கு வெளியே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, அதன் தலைக்கு மேல் ஒரு கிரேன் நின்றது. வேறு காரணம் இல்லை. ஆனால் அடிக்க மனம் வரவில்லை. அந்த உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தூக்கம் வருகிறது. கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

விளம்பரம் அந்த இடத்தில் செத்தது. 'நான்' என்று அவள் வாயில் எழுதுவதையும் அத்தோடு விட்டேன். தன்னைப் பற்றி அவ்வளவு கோவையாகப் பேசுகிறவள் இல்லை அவள். இனி அவள் 'அவள்'தான்.

2

வேலையிடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். உயரத்தில் இருப்பவர்களுக்கு வயது தானாகக் கூடிவிடுகிறது. கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவளுக்கு வழி சொல்லும் சிக்னல்காரர் பேரன் எடுத்தவர். அவரும் மேலக்கா என்றார். அவள் அவரை அண்ணே என்றாள். இதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவர் சொல்லாமல் மேலே இருப்பவர் கை வைக்கக் கூடாது. மேலே இருந்து பார்த்தால் ஆறு தெரியும், பாலம் தெரியும், யார் வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்பதுகூடத் தெரியும். பாரத்துக்கு நேர் கீழே நிற்பது யார் என்பது மட்டும் தெரியாது. அதைக் கீழே இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அவர் "ஏத்து" என்றால் ஏறும். "நிறுத்து" என்றால் அந்த வார்த்தை முடிவதற்குள் நிற்க வேண்டும்.

அவளுக்கு அந்தக் கூண்டு பிடித்திருந்தது. ஏன் என்று ஒரு பத்தி எழுதினேன். வானம், காற்று, தனிமை, சுதந்திரம் என்றெல்லாம் வந்தது. அவள் படித்தால் சிரிப்பாள். அவளைக் கேட்டால், "மேல யாரும் வந்து 'என்ன பண்ற'ன்னு கேக்க மாட்டாங்க" என்பாள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

நோய் வந்தது. எப்போது பார்த்தாலும் குளிர், குரல் கரகரப்பு, முகத்தில் ஊதல், எழுந்ததும் மறுபடி படுக்கலாமா என்று ஒரு யோசனை. மருத்துவர் ரத்தம் பார்த்துவிட்டு, உடம்பைக் காக்க வேண்டிய படையே கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்றார்.

"வாட்ச்மேன் வீட்டுக்காரரையே திருடன்னு நினைச்சு அடிக்கிற மாதிரியா?"

"ஆமாம். தினமும்."

"அவனை வேலையை விட்டு நிறுத்த முடியாதா?"

"முடியாது. அடி வாங்குறவருக்குத் தினமும் ஒரு மாத்திரை குடுக்கலாம்."

அந்தச் சுரப்பி சுரக்க வேண்டியதைத்தான் அந்த மாத்திரை ஈடுகட்டுகிறது. காலையில், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். மற்ற எந்த மாத்திரையும் அதோடு சேரக் கூடாது. முக்கியமாக இரும்பும் கால்சியமும் கிட்டவே வரக் கூடாது, சில மணி நேரம் தள்ளித்தான். மருத்துவர் இதை அழுத்திச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் "காலைல வெறும் வயித்துல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். மீதி வாக்கியத்தைச் சொல்லத் தெம்பில்லை. அந்த மீதி வாக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

(முடி கொட்டியது பற்றியும் எழுத வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையில் இருப்பதைவிட ஹெல்மெட்டில் அதிகம் இருந்தது. அதற்காகத் தனியாக ஒரு முடி மாத்திரை வாங்கி, யாருக்கும் தெரியாமல் ஹெல்மெட்டின் உள்பட்டைக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். டீ குடிக்கும் நேரத்தில் ஒன்று போட்டுக்கொள்வாள். - அலங்காரத்துக்காகச் சேர்த்த விவரம். கதைக்குத் தேவையில்லை. வெட்டு.)

3

இப்போது நாத்தனார் வருகிறாள். கணவரின் தங்கை. சத்து மாத்திரைகள் விற்கிறவள்.

முதல் படியில் அவளை மோசக்காரியாக எழுதினேன். பெரிய கைப்பை, வழவழப்பான பேச்சு, கண்ணில் ஒரு கணக்கு. எடுபடவில்லை. ஏனென்றால் அவள் விற்கிற ஒவ்வொன்றையும் அவளே சாப்பிட்டாள். ஏமாற்றுகிறவர்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. பிள்ளை பெற்ற சமயத்தில் அவளும் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவள். "சோர்வா இருக்கு" என்று சொன்னபோதெல்லாம் "எல்லாருக்கும்தான் இருக்கு" என்று பதில் வந்தது. கம்பெனிக்காரர்களின் கூட்டத்தில்தான் முதல்முறையாக ஒருவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவள் ஒரு அலமாரி நிறையப் பொடி வாங்கினாள். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அவள் அண்ணிக்குக் கொண்டுவந்தது: இரும்பும் கால்சியமும் நிறைந்த பச்சை மாவு உருண்டைகள், கடல்பாசி வில்லைகள், ஏதோ ஒரு வேரின் பொடி அடைத்த கேப்சூல்கள்*, இன்னும் சில. எல்லாமே இயற்கை. "இயற்கைன்னா ஒண்ணும் பண்ணாது அண்ணி" என்றாள். ஒன்றும் பண்ணாது என்றால் எதற்குச் சாப்பிட வேண்டும் என்று மேலக்கா கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இருந்தால் அவளுக்கு நோய் இல்லை என்று அர்த்தம்.

* இவற்றைப் பற்றி விசாரித்தேன். கடல்பாசியில் அயோடின் அதிகம், இந்த வகை நோயில் அது உதவுவதைவிடக் கெடுக்கலாம். அந்த வேர், சுரப்பி சுரக்கும் அளவை ஏற்றி இறக்கலாம். விளம்பரக்காரரிடம் சொன்னபோது, "அதெல்லாம் ஒரு பக்கத்துல அடங்காது சார்" என்றார். உண்மைதான். அதனால்தான் அடிக்குறிப்பில் போடுகிறேன்.

(அவள் அவற்றைச் சாப்பிடாமல் தொட்டிச் செடிக்குப் போட்டுவிடுகிறாள், செடி… வேண்டாம். எல்லாக் கதையிலும் செடிதான் பலியாகிறது.)

சாப்பிட்டாள். ஆனால் மறந்து மறந்து சாப்பிட்டாள். அங்கேதான் கணவர் உள்ளே வந்தார்.

அவர் பல் செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து ஈறும் பல்லுமாக வார்த்துக் கொடுப்பார். அந்தப் பகுதியில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அதிகம் பேச மாட்டார். அன்பு வந்தால் எதையாவது செய்துகொடுப்பார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஒரு மாத்திரை டப்பா செய்துகொடுத்தார். கையிலிருந்த பிசினில்தானே செய்ய முடியும்? டப்பா ஈறு நிறத்தில் இருந்தது. மூடியைத் திறந்தால் யாரோ வாயைத் திறந்த மாதிரி இருக்கும். கிழமைக்கு ஒரு குழி. ஒவ்வொரு குழியிலும் அன்றைக்கான எல்லாம்: பச்சை மாவு, கடல்பாசி, வேர், அதோடு மருத்துவர் கொடுத்த தைராய்டு மாத்திரையும். வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டால் வேலை முடிந்தது. எதையும் மறக்க வழியே இல்லை.

தைராய்டு மாத்திரை தினமும் தவறாமல் வயிற்றுக்குள் போனது. போய், இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, உடம்பில் சேராமலே வெளியே போனது. அத்தனை பாசமாக ஒரு மருந்தைத் தடுத்த ஆள் அவராகத்தான் இருக்க முடியும்.

இந்த இடத்தில் விளம்பரக்காரர் போன் செய்தார். "சார், அந்தம்மா குணமாயிட்டாங்களா?"

"இல்ல. மோசமாகுது."

"நல்லது சார். முதல்ல மோசமாகட்டும், அப்பதான் குணமாகறப்ப எடுப்பா இருக்கும்."

4

அவள் கை தாமதித்தது ஒரு மூச்சு நேரம்தான்.

கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சிக்னல்காரர் "நிறுத்து" என்றார். வார்த்தை காதில் விழுந்தது, புரிந்தது, கைக்குப் போக வேண்டியது. வழியில் எங்கோ உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனது. அதற்குள் கட்டு ஆடிப் போய், ஓரத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கழிப்பறையை மெதுவாக, மரியாதையாக, ஒரு தட்டுத் தட்டியது. உள்ளே இன்ஜினியர் இருந்தார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கழிப்பறை கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். வெளியே வந்தவர் மேலே பார்த்து எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய தோரணையில் அவர் உடையும் இல்லை. ஆட்கள் சிரித்தார்கள். சிக்னல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில், ஒரு எட்டு தள்ளித்தான் அவர் நின்றிருந்தார்.

அன்றே அவளைக் கீழே இறக்கிவிட்டார்கள். வாசலில் ஒரு நாற்காலி போட்டு, வந்து போகும் லாரிகளுக்குச் சங்கிலி எடுத்துவிடும் வேலை கொடுத்தார்கள். கீழே வந்த பிறகும் எல்லோரும் மேலக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, வேறு பெயர் அவர்களுக்குத் தெரியாது.

கட்டடக் கம்பெனியின் மருத்துவர் சொன்னது எளிமையானது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாக வரட்டும், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், மறுநாளே மேலே ஏறலாம். வராவிட்டால் புது ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். கிரேன் காத்திருக்காது.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்தக் கூண்டு. குணமாவதுகூட அதற்கு அப்புறம்தான்.

ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் வந்தது.

எல்லாம் சரியாக இருந்தது.

5

எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது பிடிக்கவில்லை. ஏன் சரியாக வர வேண்டும்? ஈறு நிற டப்பா அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை உடம்பில் சேரவில்லை. கடல்பாசியும் உள்ளே போகிறது. அவளும் சங்கிலியை எடுத்துவிட்ட கையோடு நாற்காலியில் தூங்குகிறாள். இந்த நோய் முற்றினால் ரிப்போர்ட்டில் எண் ஏறும், ஏறியிருக்க வேண்டும். "ரிப்போர்ட் மோசமாக வந்தது" என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் அப்படி வந்தால் மருந்தின் அளவைக் கூட்டுவார்கள், விசாரிப்பார்கள், டப்பா பிடிபடும், கதை அங்கேயே முடியும். அடித்துவிட்டு 'சரியாக' என்று மாற்றினேன். மாற்றியபோது அதற்குக் காரணம் என்னிடம் இல்லை. காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடன் சொல்லி வைத்தேன்.

வீட்டில் யாருக்கும் காரணம் தேவைப்படவில்லை. கணவர் டப்பாவைத் துணியால் துடைத்து மேசை நடுவில் வைத்தார். நாத்தனார் வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள், உண்மையாகவே அழுதாள். கட்டடக் கம்பெனியின் மருத்துவர் கையெழுத்துப் போட்டார். சிக்னல்காரர் வாசல்வரை வந்து, மேலே பேச ஆள் இல்லாமல் நாக்கே மரத்துப்போய்விட்டதாகச் சொன்னார்.

"எனக்கு இன்னும் தூக்கமாத்தான் வருது" என்று அவள் கணவரிடம் சொன்னாள்.

அவர் ரிப்போர்ட்டை எடுத்து ஒரு முறை பார்த்தார். "இதுல எல்லாம் சரியா இருக்கே."

"எனக்குச் சரியா இல்லையே."

"ரிப்போர்ட் சரியா இருக்கும்மா. நீதான் சரியா இல்ல." சொன்ன பிறகுதான் அவருக்கே அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. எழுந்து பின்னறைக்குப் போய் யாருடைய பல்லையோ ராவ ஆரம்பித்தார்.

அவளுக்கும் தன்னைவிட அந்தக் காகிதத்தை நம்புவது சுலபமாக இருந்தது. காகிதத்தை நம்பினால் நாளைக்குக் காலையில் கூண்டு. தன்னை நம்பினால் நாற்காலி, சங்கிலி, லாரி.

6

மேலே ஏறுவதற்கு முந்தின நாள் மத்தியானம் நாத்தனார் போனும் அதை நிறுத்த ஒரு சின்ன முக்காலியுமாக வந்தாள். குணமான கதையை அண்ணி வாயாலேயே படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். (பார்த்தீர்களா, நான் எழுத மறுத்த விளம்பரத்தை இவள் எடுக்கிறாள். இதை நான் திட்டமிடவில்லை.)

அண்ணியை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். முகம் ஊதலாகத் தெரிந்ததால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினாள். கண் சொருகியதால் ஒரு டீ கொடுத்தாள். பிறகு போனை முடுக்கிவிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி. எதுனால குணமாச்சு? பச்சை மாவா, கடல்பாசியா?"

"தெரியலையே."

"தெரியலன்னு சொல்லக்கூடாது. ரெண்டும்னு சொல்லுங்க."

"ரெண்டும்."

"சந்தோஷமாச் சொல்லுங்க அண்ணி. யாரோ செத்த மாதிரி இருக்கு."

மறுபடி சொன்னாள். மறுபடியும் யாரோ செத்தார்கள். நாத்தனார் யோசித்துப் பார்த்து, கிரேன் ஓட்டுகிறவள் என்று பார்த்ததுமே தெரிய வேண்டும், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சொன்னால் நன்றாக இருக்கும் என்றாள். மேலக்கா யோசிக்காமல் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள்.

உள்ளேயிருந்து ஒரு மாத்திரை அட்டை மடியில் விழுந்தது.

(இரண்டாம் பகுதியில் நான் வெட்டச் சொல்லியிருந்தேனே, அது. வெட்டியிருந்தால் இந்த இடத்தில் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது. நான் சொல்லி வைத்த கடனை அந்த அட்டைதான் அடைத்தது.)

நாத்தனார் அதை எடுத்துப் பெயரைப் படித்தாள். முகம் மாறியது. வேறு பெண்ணின் கைக்குட்டையைப் புருஷன் சட்டைப்பையில் பார்த்தவளைப் போல நிமிர்ந்தாள்.

"இது அவங்க கம்பெனியோடது."

"முடிக்குத்தான்…"

"எவ்வளவு நாளா நடக்குது?"

"முடி ரொம்பக் கொட்டுச்சு. உன்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு. ஏற்கனவே அவ்வளவு குடுத்திருக்க…"

"நான் என்ன வேத்து ஆளா? என்கிட்ட முடிக்கு இல்லையா?" அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஆத்திரம் வந்தது. போட்டிக் கம்பெனியைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்தாள். அவர்கள் டப்பா மட்டும்தான் அழகு, உள்ளே பாதி சுண்ணாம்பு, ஏஜென்டுகளை நாய் மாதிரி நடத்துவார்கள். கடைசியாக, "இதுல முடி வளரன்னு பயோட்டின் சத்தை அள்ளிக் கொட்டியிருப்பானுங்க. அதைப் போட்டுக்கிட்டு ரத்தம் குடுத்தா மெஷினே ஏமாந்துரும். தைராய்டு நம்பர் ஏறியிருந்தாலும் இறங்கியிருக்கற மாதிரி காட்டும். எல்லா மெஷினும் இல்ல, சில மெஷின். எங்க கூட்டத்துல படம் போட்டே விளக்கினாங்க, டெஸ்ட்டுக்கு முன்னாடி சில நாள் நிறுத்தச் சொல்லுங்கன்னு. அவனுங்க சொல்றானுங்களா? சொல்ல மாட்டானுங்க. ஜனங்க எக்கேடு கெட்டா…"

அங்கே நின்றது.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் பல் ராவும் சத்தம் கேட்டது.

"அண்ணி, ரத்தம் குடுத்தன்னைக்கு…"

"போட்டுக்கிட்டேன். முந்தின நாளும்."

இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஈறு நிற டப்பாவுக்கு அடியில், காற்றில் பறக்காமல் இருந்தது. நாத்தனார் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தாள். "தைராய்டு மாத்திரையையும் இதுக்குள்ளயா போடுறீங்க? எல்லாத்தோடயுமா?"

"உங்க அண்ணன்தான், மறக்கக்கூடாதுன்னு…"

நாத்தனார் மூடியை மூடினாள். இதற்குப் பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்து, பிடித்த படத்தை அழித்தாள். கம்பெனியில் அவளை மேடையேற்றியிருக்கக்கூடிய படம் அது. அழித்துவிட்டு, முக்காலியை மடக்கிக்கொண்டே, அண்ணியைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் ஒண்ணும் கேக்கல. நாளைக்கு ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம்."

ராவும் சத்தம் நின்றது. கணவர் கையில் ஒரு மேல்வரிசைப் பல்லோடு எட்டிப் பார்த்தார். "என்ன, படம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றார்கள் இரண்டு பேரும்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவது: அவள் ஏறுகிறாள், எதுவும் நடப்பதில்லை. இதுதான் அதிகம் நடக்கக் கூடியது. அரைத் தூக்கத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள், மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். ராத்திரி வேலையில் நானே பார்த்திருக்கிறேன். எதுவும் நடக்காததாலேயே மறுநாளும் ஏறுவார்கள். இந்த முடிவில் பொய் இல்லை. ஆனால் இதை எழுதி முடித்ததும், எதுவும் நடக்காமல் போகும் கடைசி நாள் எது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது: உண்மையைச் சொல்லிவிடுகிறாள். முடி மாத்திரையை நிறுத்தி மறுபடி ரத்தம் கொடுக்கிறாள். எண் உண்மையைக் காட்டுகிறது. தைராய்டு மாத்திரை தனி டப்பாவுக்குப் போகிறது, மற்றதில் பாதி குப்பைக்குப் போகிறது. சில மாதங்களில் அவள் உடம்பு தேறி…

இதை விளம்பரக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "அருமை சார்! குணமாயிட்டாங்க! நம்ம கம்பெனி பேரை மட்டும் எங்கயாவது செருகிடுங்க" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அந்த மாதங்களுக்குள் கூண்டில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான் என்பதையும் அதில் நான் சாமர்த்தியமாக விட்டிருந்தேன்.

மூன்றாவது: கம்பிக் கட்டு, சிக்னல்காரர், ஒரு மூச்சு தாமதம். எழுதத் தொடங்கி, "நிறுத்து" என்ற வார்த்தையோடு நிறுத்திவிட்டேன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. பேரன் எடுத்தவர். அதோடு, ஒரு பாடம் சொல்வதற்காக ஒரு ஆளைக் கொல்வது மட்டமான வேலை.

மூன்றும் போய்விட்டது. அவளையே போகவிட்டுப் பார்த்தேன்.

8

காலை. அவள் ஏணியடியில் நின்றாள். சான்றிதழைக் காட்டினாள், காவலாளி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஈறு நிற டப்பாவை அன்றைக்குத் திறக்கவில்லை. தைராய்டு மாத்திரையை மட்டும் அதன் புட்டியிலிருந்து தனியாக எடுத்துத் தண்ணீரில் விழுங்கியிருந்தாள். ஒரே ஒரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒன்றும் மாறிவிடாது என்று அவளுக்கும் தெரியும்.

ஏறிப் போய் உட்கார்ந்து பார்க்கலாம், கை வைக்க வேண்டாம் என்று தனக்குள் ஒரு பேரம் பேசிக்கொண்டாள். உட்காருவது ஓட்டுவதாகாது.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறிவிடுவாள். அன்றைக்கு ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்தாள். கீழேயிருந்து சிக்னல்காரர், "என்ன மேலக்கா, வழியில சொந்தக்காரங்க வீடெல்லாம் இருக்கா?" என்று வாக்கி-டாக்கியில் கேட்டார். அவள் சிரித்தாள். சிரித்ததற்கும் மூச்சு வாங்கியது. இயந்திரம் பார்க்காததை ஏணி பார்த்துவிட்டது.

கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். நாற்காலி அவள் உடம்பின் அச்சை மறக்கவில்லை. ஆறு அங்கேயே இருந்தது, பாலமும். யாரோ மாடியில் போர்வை காயவைத்திருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று மடியில் விழுந்த அட்டையை மறுபடி உள்பட்டையிலேயே செருகி வைத்திருந்தாள். எறியத் தோன்றவில்லை, விழுங்கவும் தோன்றவில்லை.

கைப்பிடியின் மேல் கை வைத்தாள். பேரம் முறிந்தது.

கீழே கம்பிக் கட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஆட்கள் விலகிப் போனார்கள்.

இந்த நேரம் பார்த்துச் சிக்னல்காரருக்கு வயிற்றைக் கலக்குகிறது. வயதானவர், காலையில் ஒரு டீ அதிகம் குடித்துவிட்டார். இதை நான் செய்யவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான்தான் செய்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பது நீங்கள் மட்டும்தான். ஆரம்பத்திலிருந்தே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். "இதைக் கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்" என்று வாக்கி-டாக்கியை உங்கள் கையில் திணித்துவிட்டு, அந்தக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். இன்னும் லேசாகச் சாய்ந்துதான் நிற்கிறது அது.

ஓரமாகப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. கட்டு ஏறினால் உங்கள் தலைக்கு மேலேயும் அந்தக் கழிப்பறைக்கு மேலேயும்தான் ஆடும். தள்ளி நிற்கலாம்தான். ஆனால் கதவுக்குப் பின்னால் இருப்பவர் தள்ளி நிற்க முடியாது. ரிப்போர்ட் பொய் என்று அவருக்குத் தெரியாது. இந்த வளாகத்தில் அது தெரிந்தது அவளுக்கும் உங்களுக்கும்தான். உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

கருவி கரகரக்கிறது. அவள் குரலும் கரகரப்பாகத்தான் இருக்கிறது, எது எதன் கரகரப்பு என்று பிரிக்க முடியவில்லை.

"அண்ணே, ஏத்தவா?"

நீங்கள் பொத்தானை விட்டுவிட்டு நிற்கிறீர்கள்.

"அண்ணே? …கீழ யாருங்க இருக்கீங்க? யாரா இருந்தாலும் சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்."